தலையசைப்பு சம்மதம் ஆகுமா?
மகளிர் மருத்துவத்தில் நோயாளரின் சொல்லுக்கு உள்ள இடம்

பாடத்தின் நோக்கம்

லெ பிளாங்-மெனிலில் வாழும் தமிழ்ப் பெண்கள் பலர் மகப்பேற்று மருத்துவரிடமோ சாஜ்-ஃபாமிடமோ செல்லும்போது, தாம் சொல்ல வேண்டியதில் பாதியைச் சொல்லாமலும், தமக்குச் சொல்லப்பட்டதில் பாதியை விளங்கிக்கொள்ளாமலும் திரும்புகின்றனர். மொழி ஒரு காரணம், கூச்சம் மற்றொன்று, மருத்துவரிடம் கேள்வி கேட்பது மரியாதைக் குறைவு என்னும் எண்ணம் மூன்றாவது. மருத்துவ அறையில் பெண்ணின் சொல் எவ்வளவு பெறுமதி உடையது, பிரெஞ்சுச் சட்டம் அதற்கு என்ன பாதுகாப்பு அளிக்கிறது, அதை நடைமுறையில் எவ்வாறு பயன்படுத்தலாம் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

1. ஓர் எடுத்துக்காட்டு

இலங்கையிலிருந்து அண்மையில் வந்த ஒரு பெண் ஏழு மாதக் கர்ப்பிணியாக இருப்பதாகக் கொள்வோம். கணவர் லாச்சப்பலில் ஒரு கடையில் பணிபுரிகிறார். அன்று அவருக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. எனவே பன்னிரண்டு வயது மகள் பாடசாலைக்குச் செல்லாமல் தாயுடன் மருத்துவமனைக்கு வருகிறாள்.

மருத்துவர் கேட்கிறார்: இதற்கு முன் கருச்சிதைவு ஏற்பட்டதுண்டா? இரத்தப்போக்கு இருக்கிறதா? வீட்டில் எவரிடமேனும் அச்சம் உண்டா? முதற் கேள்வியின் பிரெஞ்சுச் சொல் மகளுக்கு விளங்கவில்லை. இரண்டாவதைத் தாயிடம் கேட்க அவள் கூசுகிறாள். மூன்றாவதைக் கேட்காமலே "இல்லை" என்று தானாகப் பதில் சொல்கிறாள். பின்னர் மருத்துவர் ஓர் உட்பரிசோதனை தேவை என்று கூறுகிறார். தாய் தலையை இருபக்கமும் மெல்ல அசைத்து, "ஓம்" என்கிறார். சம்மதம் பெறப்பட்டதாக மருத்துவர் எண்ணிக்கொள்கிறார்.

இங்கு எவரும் தீங்கு நினைக்கவில்லை. ஆயினும் மூன்று பிழைகள் நேர்ந்துள்ளன.

முதலாவது மருத்துவப் பிழை. ஊரில் இருந்தபோது ஏற்பட்ட ஒரு கருச்சிதைவு பதிவாகாமற் போனது. தாயின் குருதி ரீசஸ் நெகட்டிவ் வகையாயின் இது சிறிய விடுபாடு ஆகாது. குழந்தையின் குருதி பொசிட்டிவ் வகையாயின், முந்தைய கர்ப்பத்தில் தாயின் உடல் அக்குருதிக்கு எதிரான பொருள்களை உருவாக்கியிருக்கக்கூடும். அவை அடுத்த குழந்தையைத் தாக்கலாம். குருதிப் பரிசோதனையை வாசிக்கும் மருத்துவருக்கு அந்தப் பழைய செய்தி தேவைப்படுகிறது.

இரண்டாவது, ஒரு சிறுமி தாங்க முடியாத சுமையைத் தாங்கினாள். தாயின் உடலைப் பற்றிய செய்திகளுக்கு அவள் பொறுப்பாளி ஆக்கப்பட்டாள். தவறான பதில் தந்துவிட்டோமோ என்னும் அச்சமும் அவளுடன் வீட்டுக்குச் சென்றது.

மூன்றாவது, தலையசைப்பு. தமிழர் தலையை இருபக்கமும் அசைப்பது "சரி" என்றும் பொருள்படும். "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்றும் பொருள்படும். "ஓம்" என்பதும் அவ்வாறே. பெரியவர் முன் மறுத்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர், விளங்காத இடத்திலும் "ஓம்" என்றே சொல்வார். பிரெஞ்சு மருத்துவர் அதை உடன்பாடாகக் கொள்ளலாம். தலையசைப்பை மறுப்பாகவும் கொள்ளலாம். இரண்டுமே ஊகம். ஊகத்தின் மேல் ஓர் உடற்பரிசோதனையை நடத்தச் சட்டம் இடமளிக்கவில்லை.

2. சட்டம் கூறுவது

பிரான்சில் நோயாளரின் உரிமைகளை வகுத்த முதன்மைச் சட்டம் 2002 மார்ச் 4ஆம் திகதியது. அப்போதைய சுகாதார அமைச்சர் பெர்னார் குஷ்னேரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. அதன் மைய விதி எளிமையானது: நோயாளரின் சுதந்திரமான, தெளிவுபெற்ற சம்மதம் இன்றி எந்த மருத்துவச் செயலும், எந்தச் சிகிச்சையும் செய்யப்படலாகாது, அச்சம்மதத்தை எந்நேரத்திலும் மீளப் பெறலாம்.

இவ்விதியின் இரு அடைமொழிகளையும் தனித்தனியே நோக்க வேண்டும். "சுதந்திரமான" என்பது எவருடைய அழுத்தமும் இல்லாதது. கணவர், மாமியார், மருத்துவர் ஆகிய எவரும் பெண்ணுக்குப் பதிலாகச் சம்மதிக்க இயலாது. சத்திரசிகிச்சைக்குக் கணவரின் கையொப்பம் கேட்கப்படுவதைக் கண்டு வந்த குடும்பங்களுக்கு இது புதிதாகத் தோன்றலாம். பிரான்சில் வயதுவந்த பெண்ணின் அறுவைப் பிரசவத்துக்கோ, கருத்தடைக்கோ, நிரந்தரக் கருத்தடைச் சிகிச்சைக்கோ கணவரின் ஒப்புதல் தேவையில்லை.

"தெளிவுபெற்ற" என்பது, செய்யப்படுவது யாது, ஏன், அதன் பயன் என்ன, ஆபத்து என்ன, வேறு வழி உண்டா, மறுத்தால் நேரக்கூடியது யாது என்பவற்றை அறிந்திருத்தல். இத்தகவலைத் தனிப்பட்ட உரையாடலில் வழங்குவது மருத்துவரின் கடமை. விளங்காத மொழியில் சொல்லப்பட்ட விளக்கம் இக்கடமையை நிறைவேற்றியதாகாது. நோயாளர் தமது விருப்பத்தைத் தெரிவிக்க இயலாத நிலையில் இருக்கும் அவசரவேளைக்கு மட்டும் சட்டம் விலக்களிக்கிறது.

அதே சட்டத்தொகுப்பு மேலும் சில உரிமைகளை உறுதிசெய்கிறது:

– மருத்துவ இரகசியம். பெண் கூறியதைக் கணவரிடமோ உறவினரிடமோ மருத்துவர் சொல்ல இயலாது.
– மருத்துவ மாணவர் முன்னிலையில் பரிசோதனை நடைபெறுவதாயின், அதற்கும் முன்கூட்டியே சம்மதம் பெறப்பட வேண்டும்.
– நம்பிக்கைக்குரியவர் ஒருவரை, அதாவது பெர்சொன் து கொன்ஃபியான்ஸ் என்பவரை, எழுத்து மூலம் நியமிக்கலாம். அவர் கணவராக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சகோதரியோ தோழியோ ஆகலாம்.
– தமது மருத்துவக் கோப்பின் பிரதியைக் கோரலாம். கோரிக்கை கிடைத்தபின் எட்டு நாள்களுக்குள் அது வழங்கப்பட வேண்டும். தகவல்கள் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் பழையனவாயின் இரண்டு மாதம் வரை ஆகலாம்.

3. ஒரு மருத்துவரின் வழி

சட்டத்தின் சொற்கள் மருத்துவ அறையில் எவ்வாறு உயிர்பெறுகின்றன என்பதை அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. இதே சென்-சான்-துனி மாவட்டத்தில், சான்-துனி நகரின் தெலாஃபொந்தேன் மருத்துவமனையில், ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பிறக்கின்றன. அதன் மகப்பேற்றுப் பிரிவை வழிநடத்தியவர் மருத்துவர் காதா ஹாத்தம். லெபனானில் பிறந்து, அந்நாட்டின் உள்நாட்டுப் போர்க் காலத்தில் பிரான்சுக்கு வந்து மருத்துவம் பயின்றவர். போர் நிகழ்ந்த மண்ணிலிருந்து புறப்பட்டு, இன்னொரு மொழியில் வாழ்வைக் கட்டியெழுப்புவது என்னவென்பதை அவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பல நாடுகளிலிருந்து வந்த பெண்கள் அப்பிரிவை நாடினர். அவர்களுள் சிலர் சிறுவயதில் பிறப்புறுப்புச் சிதைப்புக்கு உள்ளானவர்கள். சிலர் வீட்டில் வன்முறையைத் தாங்கியவர்கள். இப்பெண்கள் கர்ப்பப் பரிசோதனைக்காக வந்தனர். ஆனால் அவர்களின் நோவு அந்தப் பரிசோதனையோடு முடியவில்லை. ஒரு பெண் உளவியலாளரைக் காண ஓரிடம், சமூகப் பணியாளரைக் காண இன்னோரிடம், முறைப்பாடு செய்யக் காவல் நிலையம் என்று அலையும்போது, ஒவ்வோரிடத்திலும் தன் கதையை முதலிலிருந்து சொல்ல நேர்கிறது. பலர் இரண்டாம் இடத்தோடு நின்றுவிடுகின்றனர்.

இதற்கு விடையாக, 2016இல், மருத்துவமனையை ஒட்டியே மேசோன் தே ஃபாம் என்னும் பெண்கள் இல்லத்தை அவர் நிறுவினார். குடும்பத் திட்டமிடல், பிறப்புறுப்புச் சிதைப்புக்கான சிகிச்சை, வன்முறைக்கு உள்ளானோர்க்கான பராமரிப்பு ஆகிய மூன்றும் அங்கு ஒரே கூரையின்கீழ் கிடைக்கின்றன. மருத்துவர், சாஜ்-ஃபாம், உளவியலாளர், சமூகப் பணியாளர், சட்டம் அறிந்தோர் ஆகியோர் அங்கேயே பணிபுரிகின்றனர். காவல்துறையினரும் அங்கு வந்து முறைப்பாட்டைப் பதிவுசெய்கின்றனர். இம்மாதிரியைப் பின்பற்றிப் பிரான்சின் பிற நகரங்களிலும் இத்தகைய இல்லங்கள் தோன்றியுள்ளன.

இவ்வழியிலிருந்து எளிய பாடம் ஒன்று கிடைக்கிறது. பெண்ணை மையமாகக் கொண்ட மருத்துவம் என்பது இனிமையாகப் பேசுவதோடு முடிவதில்லை. பெண் எதற்காக வந்தாள் என்று மருத்துவர் முன்கூட்டியே முடிவுசெய்யாமல், அவளிடமே கேட்பது அதன் தொடக்கம்; அவள் சொன்ன விடைக்கு ஏற்ப நிறுவனம் தன்னை ஒழுங்குசெய்துகொள்வது அதன் நிறைவு. வன்முறை பற்றிய கேள்வியும் இவ்வகையினது. பிரான்சின் உயர் சுகாதார ஆணையம் 2019இல், அறிகுறி எதுவும் இல்லாதபோதும் எல்லாப் பெண்களிடமும் இக்கேள்வியைக் கேட்குமாறு மருத்துவர்களுக்குப் பரிந்துரைத்தது. ஆகவே மருத்துவர் அவ்வாறு கேட்டால், குடும்பத்தைச் சந்தேகிக்கிறார் என்று எவரும் மனம் நோக வேண்டியதில்லை. கேள்வி எல்லோருக்கும் பொது. விடை அப்பெண்ணுக்கு மட்டும் உரியது.

4. பரிசோதனை அறையில்

பிரெஞ்சு மகப்பேற்று, பெண்ணோயியல் மருத்துவர்களின் தேசியக் கல்லூரி 2021 அக்டோபரில் ஒரு சாசனத்தை வெளியிட்டது. அதன் நெறிகளை ஒவ்வொரு பெண்ணும் அறிந்திருப்பது நன்று. பரிசோதனைக்கு முன் அதன் தேவை விளக்கப்பட்டு, வாய்மொழியாகச் சம்மதம் பெறப்பட வேண்டும். எல்லாச் சந்திப்பிலும் உட்பரிசோதனை தேவைப்படுவதில்லை. ஆடையை முழுவதும் ஒரே நேரத்தில் களைய வேண்டியதில்லை. மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் தனித்தனியே களையலாம். விரும்பிய ஒருவரை உடன் அழைத்துவரலாம். "நிறுத்துங்கள்" என்றவுடன் பரிசோதனை நிறுத்தப்பட வேண்டும்.

தேசிய நெறிமுறை ஆலோசனைக் குழுவும் 2023 மார்ச்சில் இப்பொருள் பற்றித் தன் கருத்தை வெளியிட்டது. சம்மதம் ஊகிக்கப்படும் ஒன்றாக இருத்தல் ஆகாது; வெளிப்படையாகக் கேட்கப்பட்டு, ஒவ்வொரு படியிலும் புதுப்பிக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். ஒருமுறை ஒப்புக்கொண்டவர் மறுமுறை மறுக்கலாம்.

பெண்களின் குரல் நடைமுறையை மாற்றும் என்பதற்குச் சான்றும் உண்டு. பிரசவ வேளையில் யோனிவாயை வெட்டி அகலப்படுத்தும் எபிசியோத்தொமி முன்னர் வழக்கமான செயலாகக் கருதப்பட்டது. தேசியப் பிரசவக்கால ஆய்வுகளின்படி, 2016இல் இயற்கைப் பிரசவங்களில் சுமார் 20 விழுக்காட்டில் செய்யப்பட்ட இது, 2021இல் சுமார் 8 விழுக்காடாகக் குறைந்தது. மருத்துவ அறிவின் வளர்ச்சியோடு, "இது எனக்குத் தேவையா?" என்று பெண்கள் கேட்கத் தொடங்கியதும் இதற்குக் காரணமாகும்.

பெண் மருத்துவர்தான் வேண்டும் என்று கேட்கலாமா என்னும் ஐயம் பலருக்கு உண்டு. மருத்துவரைத் தெரிவுசெய்யும் உரிமை நோயாளருக்கு உண்டு. எனவே சந்திப்பைப் பதிவுசெய்யும்போதே விருப்பத்தைத் தெரிவிக்கலாம். ஆனால் அவசரவேளையில், பணியில் இருப்பவர் ஆணாயினும் அவரே பார்ப்பார். அவ்வேளையில் மறுப்பது தாய்க்கும் சேய்க்கும் ஆபத்தாகலாம்.

5. மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது

2016 சனவரியின் சுகாதாரச் சட்டம் மொழிபெயர்ப்பையும் சுகாதார இணைப்புப் பணியையும் பொதுச் சுகாதாரச் சட்டத்தொகுப்பில் இடம்பெறச் செய்தது. அடுத்த ஆண்டு உயர் சுகாதார ஆணையம் வெளியிட்ட வழிகாட்டி, உறவினரைக் காட்டிலும் தொழில்முறை மொழிபெயர்ப்பாளரையே நாடுமாறு பரிந்துரைத்தது. அவர் எதையும் கூட்டாமல், குறைக்காமல், தீர்ப்பு வழங்காமல் மொழிபெயர்க்கக் கடமைப்பட்டவர். தொழில் இரகசியத்தையும் காக்கிறார். ஊரில் தெரிந்தவர் எவரேனும் வந்துவிடுவாரோ என்று அஞ்சுவோர், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பைக் கேட்கலாம். அங்கு முகம் தெரிவதில்லை. மருத்துவமனைகளில் இச்சேவைக்கு நோயாளரிடம் கட்டணம் பெறப்படுவதில்லை. எல்லா இடத்திலும் உடனடியாகக் கிடைக்கும் என்று எண்ணாமல், சந்திப்பைப் பதிவுசெய்யும்போதே கேட்டுவைப்பது நலம்.

கணவர் உடன்வருவது வரவேற்கத்தக்கது. ஸ்கேன் பார்க்கும்போதும் பிரசவ அறையிலும் அவருடைய துணை பெரிது. ஆயினும் சந்திப்பின் ஒரு பகுதியேனும் பெண் தனித்து மருத்துவருடன் பேசும்படி அமைவது நல்லது. மருத்துவர் கணவரைச் சிறிது நேரம் வெளியே இருக்கச் சொன்னால், அது அவமதிப்பு அன்று.

6. உணவும் வழக்கமும்

கர்ப்பகால நீரிழிவு தெற்காசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது; உடல் மெலிந்தவர்களிடமும் அது வரலாம். பிரான்சில் 35 வயதைக் கடந்தவர்கள், உடற்பருமன் மிகுந்தவர்கள், பெற்றோருக்கோ உடன்பிறந்தவருக்கோ நீரிழிவு உள்ளவர்கள், முந்தைய கர்ப்பத்தில் இந்நோய் இருந்தவர்கள், பெருத்த குழந்தையைப் பெற்றவர்கள் ஆகியோர்க்குக் குருதிச் சர்க்கரை பரிசோதிக்கப்படுகிறது. கர்ப்பத்தின் தொடக்கத்தில் வெறும்வயிற்றிலும், 24 முதல் 28 வாரங்களுக்குள் 75 கிராம் குளுக்கோசு அருந்தியபின்னும் குருதி எடுக்கப்படும். குடும்பத்தில் நீரிழிவு இருந்தால், கேட்கப்படும்வரை காத்திராமல் பெண்ணே அதைச் சொல்ல வேண்டும்.

நோய் கண்டறியப்பட்டால் உணவு ஆலோசனை வழங்கப்படும். பாணையும் பாஸ்தாவையும் பற்றிய தாளைக் கையில் வாங்கிக்கொண்டு வந்து, வீட்டில் வழக்கம்போல் மூன்று வேளையும் சோறு, புட்டு, இடியப்பம் உண்பதால் பயனில்லை. "நான் காலையில் உண்பது இடியப்பமும் சொதியும், இரவில் புட்டு" என்று அளவோடு கூறினால், உணவு ஆலோசகர் எதைக் குறைப்பது, எதனுடன் பருப்பும் மரக்கறியும் சேர்ப்பது என்று சொல்ல முடியும். பிரசவத்தின் பின் உண்ணும் பத்தியம், சரக்குத்தூள், நாட்டு மருந்து ஆகியவற்றைப் பற்றியும் வெட்கமின்றிச் சொல்லலாம். பெரும்பாலான வழக்கங்கள் தீங்கற்றவை. உட்கொள்ளும் மாத்திரையோடு ஒவ்வாத ஒன்று இருந்தால், அது மருத்துவருக்குத் தெரிந்தால்தான் தடுக்க இயலும்.

7. அறிந்திருக்க வேண்டிய படிகள்

– கர்ப்பத்தை மூன்றாம் மாதம் முடிவதற்குள் மருத்துவரோ சாஜ்-ஃபாமோ அறிவிக்க வேண்டும். கட்டாயப் பரிசோதனைகள் ஏழு. ஆறாம் மாதத் தொடக்கத்திலிருந்து, பிரசவத்தின் பின் 12ஆம் நாள் வரை, மருத்துவச் செலவுகளைக் காப்புறுதி முழுமையாக ஏற்கிறது.
– சாஜ்-ஃபாம் ஊரில் வீடு தேடி வந்த குடும்பநல உத்தியோகத்தரை நினைவூட்டலாம். ஆயினும் இவருடைய அதிகாரம் விரிவானது. இயல்பான கர்ப்பம் முழுவதையும் பார்ப்பார். 2009ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின், நலமாக உள்ள பெண்களின் கருத்தடை, வழக்கமான பெண்ணோயியல் கண்காணிப்பு ஆகியவற்றையும் செய்கிறார்.
– கர்ப்பத் தொடக்க உரையாடல் 2020 முதல் கட்டாயம். இதில் பரிசோதனை இல்லை; பேச்சு மட்டுமே. அச்சம், வீட்டு நிலை, பிரசவம் பற்றிய விருப்பம் ஆகிய அனைத்தையும் சொல்ல ஏற்ற இடம் இதுவே.
– பிரசவத்தின் பின் நான்காம் முதல் எட்டாம் வாரத்துக்குள் மற்றோர் உரையாடல் 2022 முதல் கட்டாயமாக்கப்பட்டுள்ளது. காரணமற்ற அழுகை, உறக்கமின்மை, குழந்தைமேல் ஒட்டாத மனம் ஆகியவை பிரசவப்பின் மனச்சோர்வின் அடையாளங்களாகலாம். அது நோய், தாயின் குறையன்று.
– மாவட்டத்தின் தாய்சேய் நல நிலையங்களான பே-எம்-இ, கர்ப்பிணிகளையும் ஆறு வயது வரையான குழந்தைகளையும் கட்டணமின்றிப் பார்க்கின்றன.
– கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனை 25 முதல் 65 வயது வரை. மார்பகப் பரிசோதனை 50 முதல் 74 வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை. உட்பரிசோதனைக்கு அஞ்சிப் பல ஆண்டுகள் ஒதுங்கியிருக்கும் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்கள், தாமே மாதிரி எடுக்கும் முறை பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.

8. குறை நேர்ந்தால்

முதலில் அம்மருத்துவரிடமோ பிரிவின் பொறுப்பாளரிடமோ பேசலாம். தீர்வு கிடைக்காவிடில் மருத்துவமனை இயக்குநருக்குக் கடிதம் எழுதலாம். ஒவ்வொரு மருத்துவமனையிலும் பயனாளர் ஆணையம் ஒன்று உண்டு. மாவட்ட மருத்துவர் சங்கத்துக்கும், உரிமைகள் காப்பாளருக்கும் முறையிடலாம். நாள், நேரம், சொல்லப்பட்ட சொற்கள் ஆகியவற்றை அன்றே தமிழில் எழுதிவைப்பது பின்னர் பெரிதும் உதவும்.

உடனடி ஆபத்தில் மருத்துவ உதவிக்கு 15, காவல்துறைக்கு 17, பேச இயலாதபோது குறுஞ்செய்தி அனுப்ப 114, வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான கட்டணமற்ற, பெயர் கேட்காத அழைப்பு 3919.

9. மனத்தில் இருத்த வேண்டிய பிரெஞ்சுத் தொடர்கள்

ஜெ நெ கொம்ப்ரோன் பா – எனக்கு விளங்கவில்லை.
ஜெ வுத்ரே அன் அந்தெர்ப்ரெத் ஆன் தமூல் – எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.
புர்குவா செத் எக்ஸாமன்? – இந்தப் பரிசோதனை எதற்காக?
ஜெ வே ரெஃப்லெஷிர் – நான் யோசித்துச் சொல்கிறேன்.
அரெத்தே, சில் வூ ப்லே – தயவுசெய்து நிறுத்துங்கள்.

10. மீள்நோக்கு வினாக்கள்

1. முதற் பகுதியின் எடுத்துக்காட்டில் மகளுக்குப் பதிலாகத் தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் இருந்திருந்தால், மருத்துவர் எந்த மூன்று செய்திகளைப் பெற்றிருப்பார்?
2. "சுதந்திரமான", "தெளிவுபெற்ற" என்னும் இரு சொற்களில், அந்தத் தாயின் "ஓம்" எதனை நிறைவுசெய்தது?
3. அடுத்த சந்திப்புக்கு முன் கேட்க வேண்டிய மூன்று கேள்விகளைத் தமிழில் எழுதிவைக்கவும்.

இரண்டாம் வினாவுக்கு விடை: இரண்டையும் நிறைவுசெய்யவில்லை. விளங்காத ஒன்றுக்குத் தெளிவுபெற்ற சம்மதம் இல்லை. மறுக்கலாம் என்று அறியாதவரின் சம்மதம் சுதந்திரமானதும் அன்று. அந்தத் தாய் அடுத்த சந்திப்பில் மகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டு, "எனக்கு விளங்கவில்லை" என்னும் முதற்தொடரைத் தாமே சொன்னால், மருத்துவர் செய்தியைத் தாயிடமிருந்தே கேட்பார். சிகிச்சையும் அங்கிருந்து சரியாகத் தொடங்கும்.